நைனா காதுக்கு ஒரு கார்டு

எங்க நைனாகிட்ட ஒரு விஷயத்தை மெதுவா சொல்லணும். அவ்ளோதான் என் பிரச்சினை. அதுக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய லேப்டாப், அதோட சைடுல சொருகற ஒரு கார்டு, ஒரு காது மெஷின், பங்காருப்பேட்டைலேர்ந்து ரயில்ல வர்ற ஒரு மேடம். ஊர்ல மத்தவங்க வூட்ல அப்பன்கிட்ட புள்ள ஒண்ணு சொல்லணும்னா வாயைத் திறந்தா போதும். எனக்கு இவ்ளோ சாமான்.

நைனா எங்க ஊர் தங்க மைன்ஸ்ல டிரில் புடிச்சவரு. பாறையில ஓட்டை போடற மெஷினை நெஞ்சுல அணைச்சிக்கினு ஷிஃப்ட் முழுக்க நின்னவரு. காதுல பாதி அங்கியே போயிடுச்சு, மீதியை வயசு எடுத்துக்கிச்சு. டிரில் புடிச்ச ஆளுங்க யாருக்கும் மெதுவா பேசவே தெரியாது. "சாப்டியா"ன்னு கேட்டா கூட அடிக்க வர்ற மாதிரி இருக்கும். சின்ன வயசுல எங்க நைனா என்னைத் திட்றாரா கொஞ்சறாரான்னு நான் அவர் மூஞ்சியைப் பாத்துத்தான் கண்டுபுடிப்பேன். பல நாள் மூஞ்சியைப் பாத்தும் தெரியாது.

நாங்க இருக்கறது மைன்ஸை ஒட்டி கோரமண்டல்ங்கற எடத்துல ஒரு லைன் வூடு. லைன்னா, மைன்ஸ் ஓடும்போது கம்பெனி குடுத்த வூடுங்க, ரயில் பொட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும். ரெண்டு வூட்டுக்கு நடுவுல ஒரே செவுரு. அதுவும் கூரை வரைக்கும் போவாது. பக்கத்து வூட்ல தாளிச்சா எங்க வூட்ல தும்முவோம்.

சொல்ல வேண்டிய விஷயம் இதான்: பொண்ணுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சிடுச்சு. என் வொய்ஃப் அவளோட பாதி நாள் அங்க, எங்களோட பாதி நாள் இங்க. எனக்கோ வேலை போயிடுச்சு. பெங்களூர்ல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்துக்கினு, தெனம் கருக்கல்ல ரயில் ஏறி, இருட்டுன பிறகு எறங்கி, இப்டியே தலை நரைச்சவன் நான். என் பொண்ணை விட ரெண்டு வயசு பெரியவன் ஒருத்தன் கூப்புட்டு, "சார், நீங்க இனிமே ரெஸ்ட் எடுக்கணும்"னான். எவ்ளோ அக்கறை பாருங்க. எங்க வூட்ல கூட அப்டி யாரும் சொன்னதில்ல. கே.ஆர். புரம் பக்கம் ஒரு சின்ன வூடு பாத்தோம். நைனா கூட வந்தா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். வரலேன்னா அவர் இங்க, அவருக்குச் சோறு போட நான் இங்க, அவங்க ரெண்டு பேரும் அங்க.

இதை ஏன் கத்தி சொல்லக் கூடாதுன்னா, எங்க ஊர்ல வூட்டை விட்டுட்டுப் போறோம்னு வாய் விட்டுச் சொல்றது வூட்டுச் சாவியைத் தெருவுல தூக்கிப் போடற மாதிரி. மைன்ஸ் மூடி இத்தினி வருசம் ஆச்சு, வூடு யாரோடதுன்னு இன்னும் யாருக்கும் தெளிவா தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான்: உள்ள ஆள் இருந்தா அந்த ஆளோடது. எங்களுக்கு நாலு வூடு தள்ளி ஒரு குடும்பம் பொண்ணோட பிரசவத்துக்கு ஓசூர் போச்சு. பேரனைத் தூக்கினு திரும்பி வந்தா, உள்ள வேற யாரோ கொழம்பு வச்சிக்கினு இருக்காங்க. நல்ல கொழம்பாம். ஒரு வாய் சாப்டுட்டுப் போங்கன்னு கூப்புட்டாங்களாம்.

அதுலேர்ந்து எங்க லைன்ல ஒரு பழக்கம். கல்யாணம், சாவு, எங்க போனாலும் கொடியில ஒரு லுங்கியைத் தொங்க விட்டுட்டுத்தான் போவோம். உள்ள ஆம்பள இருக்கான்னு அர்த்தம். எங்க வூட்ல அதுக்குன்னே ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி இருக்கு. அதை யாரும் கட்டுனது கெடையாது. பேரே ட்யூட்டி லுங்கி. என்னை விட நிறைய ட்யூட்டி பாத்திருக்கு, அதுக்கு யாரும் ரெஸ்ட் எடுன்னு சொல்லல.

எழுதிக் காட்டலாம்னா, நைனாவுக்குக் கையெழுத்தோட எழுத்து முடிஞ்சிடும். "வெளியில எங்கியாச்சும் கூட்டினு போய் கத்துங்க"ன்னா வொய்ஃப். முட்டி வலியில நைனா தெருமுனை தாண்ட மாட்டாரு. ஆட்டோல கூட்டினு போலாம்னா, ஆட்டோக்காரன் எங்க லைன்காரன்.

மிச்சம் இருந்தது காது மெஷின்தான். காதுக்குப் பின்னாடி மாட்டற மெஷின் ஒண்ணு நைனாகிட்ட ரொம்ப வருசமா இருக்கு. பிஸ்கட் டப்பால வச்சிருந்தாரு. "ஒண்ணியும் கேக்கல"ன்னு கழட்டிப் போட்டது. மெஷின் கெடல, நைனாவோட காது இன்னும் எறங்கிப் போச்சு. அதுக்கு ஏத்த மாதிரி மெஷினைத் திருப்பி செட் பண்ணணும். நடுவுல மெடிக்கல் ஷாப்ல ஒண்ணு புதுசா வாங்கிக் குடுத்தேன். மாட்டின ஒடனே, "இன்னாடா காதுக்குள்ள கோழி கத்துது"ன்னு அதையும் டப்பால போட்டாரு.

பழைய மெஷினை செட் பண்ணிக் குடுத்த மேடம் முன்னாடி ராபர்ட்சன்பேட்டைல ஒரு மெடிக்கல் ஷாப் பின்னாடி ரூம்ல உக்காந்திருப்பாங்க. இப்ப ரூம் கெடையாது. வாரத்துல ஒரு நாள் வந்து வூடு வூடா பாக்கறாங்க. அவங்க சொன்னது: "சார், இந்த மாடலுக்கு ஒயர் என் பழைய கார்டுலதான் மாட்டும். அந்தக் கார்டு போற லேப்டாப் செத்துப் போச்சு. நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, கார்டு போற மாதிரி ஒரு லேப்டாப் ரெடி பண்ணுங்க. மெஷினை நான் செட் பண்ணித் தரேன்."

கம்ப்யூட்டர்காரர்தானே. ரொம்ப நாள் கழிச்சு என்னை யாரோ அப்டி சொன்னாங்க. அதுலியே விழுந்துட்டேன்.

ஆண்டர்சன்பேட்டைல எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய சாமான் கடையில, தராசுக்கு அடியில முட்டுக் குடுக்க வச்சிருந்த லேப்டாப் ஒண்ணு கிடைச்சது. இடுப்புல நீட்டமா ஒரு பொந்து. சீட்டுக்கட்டு சைஸ்ல, அதை விடக் கொஞ்சம் நீளமா இருக்கற கார்டு அதுக்குள்ள போவும். விண்டோஸும் அந்தக் காலத்து விண்டோஸ். தொடைச்சி, ஸ்விட்ச் போட்டு, கார்டைச் சொருகினேன். டுடுங்னு ஒரு சத்தம். அப்புறம் மஞ்சக் கலர்ல ஒரு ஆச்சரியக்குறி. உள்ள போய்ப் பாத்தா, இந்தக் கார்டுக்குக் குடுக்கப் போதுமான எடம் காலியா இல்லன்னு எழுதியிருக்கு.

பெங்களூர் ஹவுஸ் ஓனரும் இதையேதான் வேற மாதிரி சொல்லியிருந்தான்.

இது எப்டின்னு சொல்றேன், எங்க ஊர் ரயில்ல போனவங்களுக்கு ஒடனே புரியும். ரயில் மாரிக்குப்பத்துலேர்ந்து காலியா கெளம்பும். அங்க ஏறறவன் சும்மா உக்கார மாட்டான். கோரமண்டல்ல ஏறப் போற அவன் ஃப்ரெண்டுங்களுக்கெல்லாம் சீட் சீட்டா கர்சீப் போட்டு வைப்பான். லேப்டாப்ல அந்த ஆளுக்குப் பேரு பயாஸ். ஸ்விட்ச் போட்ட ஒடனே மொதல்ல எழுந்துக்கறது அவன்தான். பிரின்டர் போர்ட்டுக்கு ஒண்ணு, சீரியல் போர்ட்டுக்கு ஒண்ணு, இன்ஃப்ராரெட்டுக்கு ஒண்ணுன்னு கர்சீப் போட்டுட்டு வருவான். விண்டோஸ் பங்காருப்பேட்டைல ஏறற, டிக்கெட் பாக்கற டி.டி. மாதிரி. கர்சீப்பைப் பாப்பாரு, மரியாதையா தள்ளிப் போவாரு. மிச்சம் இருக்கற எடத்தைத்தான் புதுசா வர்றவங்களுக்குப் பிரிச்சிக் குடுப்பாரு.

புதுசா ஒரு கார்டு வந்தா மொதல்ல அதைத்தான் கேப்பாரு, "உனக்கு இன்னா வேணும்?" கார்டு உள்ளயே எழுதி வச்சிருப்பாங்க: இவ்ளோ மெமரி வேணும், இந்த மாதிரி போர்ட் நம்பர் வேணும், இது இல்லன்னா அது கூடப் பரவால்ல, ஆனா ஒரு பெல் கண்டிப்பா வேணும். பெல்லுனு நான் சொல்றது இன்டரப்ட். மைன்ஸ்ல ஆளுங்க பூமிக்குள்ள எறங்கற ஷாஃப்ட்ல ஒவ்வொரு லெவல்லயும் பெல் இருக்கும். கீழேர்ந்து அடிச்சாதான் கேஜை, அதான் அந்த லிஃப்ட்டை, ஓட்டறவருக்கு யார் கூப்புடறாங்கன்னு தெரியும். கார்டும் அப்டித்தான், வேலை இருந்தா பெல் அடிச்சு ப்ராசஸரைக் கூப்புடும். பின்னாடி வந்த கார்டுங்க ஒரே பெல்லைப் பங்கு போட்டுக்கும். இந்தப் பழைய கார்டு போட்டுக்காது. தனக்குன்னு ஒரு பெல் வேணும், இல்லன்னா வேலை செய்யாது. எங்க நைனா மாதிரி. தன் டம்ளர்ல இன்னொருத்தன் டீ குடிச்சா அன்னிக்கு டீயே வேணாம்பாரு.

பெல் மொத்தமே கொஞ்சம்தான். எல்லாத்துலயும் கர்சீப்.

நானும் ஒரு வாரமா என்னென்னமோ பண்ணேன். கார்டை ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சேன். கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரைத் தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன். விண்டோஸையே திரும்பப் போட்டேன். வொய்ஃப் ஃபோன் பண்ணி, "இன்னாங்க ஆச்சு? ஹவுஸ் ஓனர் கேட்டுக்கினே இருக்காரு"ம்பா. "எடம் இல்லன்னு சொல்லுது"ம்பேன். "லேப்டாப்பா, உங்க நைனாவா?"ம்பா.

மேடம் அவங்க நாள்ல வந்துட்டாங்க. நைனாவை சேர்ல உக்கார வச்சு, காதைத் தொடைச்சு விட்டுட்டு, என் தோள் மேல எட்டிப் பாத்தாங்க. ஸ்கிரீன்ல யார் யார்கிட்ட எந்த பெல் இருக்குன்னு பட்டியல் ஓடிக்கினு இருந்தது.

"சார், இந்த இன்ஃப்ராரெட் எதுக்கு?"

"பழைய செல்ஃபோன்லேர்ந்து படம் கிடம் அனுப்பறதுக்கு மேடம்."

"அந்த மாதிரி ஃபோன் இருக்கா உங்ககிட்ட?"

"எனக்குத் தெரிஞ்சு யார்கிட்டயும் இல்ல."

"பிரின்டர்?"

"இல்ல."

"அப்ப ரெண்டையும் எடுத்து விட்டுடலாமே. எடம் காலியாவும், இல்ல?"

ஆவும். எனக்குத் தெரியாதா இன்னா? மொத நாளே தெரியும். பயாஸுக்குள்ள போய் 'டிசேபிள்'னு ஒரு வார்த்தையை மாத்தணும், அவ்ளோதான். மாத்தற எடம் வரைக்கும் போவேன். கை நின்னுடும். வேற எதுனா பண்ணிப் பாக்கலாம்னு வெளிய வந்துடுவேன். கைக்கு வந்த ஒண்ணை நாமளே எழுதிக் குடுக்கறதா? நாளைக்குத் திரும்பக் கேட்டா குடுப்பானா? இப்டி ஒரு பயம், அதுவும் தராசுக்கு அடியில கெடந்த லேப்டாப்போட பிரின்டர் போர்ட்டுக்கு. இந்த வியாதி எங்க ஊர்க்காரனுக்கு மட்டும்தான் வரும். மேடம் பங்காருப்பேட்டை, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

"கொடியில லுங்கி தொங்குதுங்க மேடம்"னேன்.

"எங்க?"

"ஒண்ணும் இல்ல, விடுங்க."

கண்ணை மூடிக்காத குறையா ரெண்டையும் மாத்தினேன். லேப்டாப் திரும்ப எழுந்தது. கார்டைச் சொருகினேன். டுடுங். ஆச்சரியக்குறி இல்ல. கார்டு கேட்டதெல்லாம் குடுத்தாச்சு, பெல் உட்பட. நான் எழுந்து நின்னு கையைத் தூக்கிட்டேன். நைனா, "இன்னாடா, எவனாச்சும் செத்துட்டானா?"ன்னாரு.

மேடம் மெல்லிசான ஒயரை மெஷின்ல மாட்டி, அதை நைனா காதுல வச்சு, லேப்டாப்ல ஒவ்வொரு கோடா ஏத்தி எறக்கிக்கினு இருந்தாங்க. நைனா மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. தலையைத் திருப்பினாரு. பக்கத்து வூட்டுப் பக்கம் பாத்தாரு.

"குக்கர் விசில் அது. எத்தினாவது?"

"மூணாவதுங்க தாத்தா"ன்னாங்க மேடம், சாதாரணக் குரல்ல.

"பருப்புக்கு மூணு போதும். அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க, கொழைஞ்சிடும்"னாரு.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அது எனக்குப் பொருந்தாத வேலை, அதனால மேடம் டீ குடிச்ச டம்ளரை எடுத்துக்கினு உள்ள போய்ட்டேன்.

மேடம் கெளம்பினப்புறம் மத்தியானம். பக்கத்து வூட்ல டி.வி. ஓடுது. இதை விட நல்ல நேரம் கிடைக்காது. நைனா பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ரயில்ல தூங்கறவனுக்குப் பக்கத்துல பேசற மாதிரி மெதுவா ஆரம்பிச்சேன்.

"நைனா, கேக்குதா?"

தலையை ஆட்டினாரு.

"நாம எல்லாரும் பெங்களூர் போய்டலாம் நைனா. பொண்ணுக்கு வேலை அங்க. வூடு பாத்தாச்சு. நீங்களும் வரணும்."

எல்லாம் காதுல விழுந்திருக்கு, ஒரு எழுத்து பாக்கி இல்லாம. நான் மாசக்கணக்கா போட்ட பிளான்ல ஒரே ஒரு ஓட்டை. மெஷின் நைனாவோட காதைத்தான் செட் பண்ணும். வாயை இல்ல.

"பெங்களூரா?"ன்னாரு. டிரில் ஓடும்போது பேசற குரல். "வூட்டைக் காலி பண்ணிட்டா? எப்போ?"

பக்கத்து வூட்ல டி.வி. சத்தம் கம்மியாச்சு. இன்னும் கம்மியாச்சு. நின்னே போச்சு.

"நைனா, மெதுவா, மெதுவா."

"இன்னாத்துக்கு மெதுவா? எனக்கு எங்கடா படுக்கை?"

"ஹால்ல நைனா. கட்டில் போட்டுடலாம்."

"நீ?"

"நானும் ஹால்லதான். கீழ."

"ரூம்ல?"

"பொண்ணும் அவ அம்மாவும். அவளுக்கு வூட்லேர்ந்தே பாதி வேலை, கதவு சாத்திக்கினு பேசணும்."

"அப்ப அவ பேசும்போது நான் இருமக் கூடாது."

அது ஹவுஸ் ஓனரும் சொன்னதுதான். வயசானவங்க இருக்காங்களா, ராத்திரில இருமுவாங்களான்னு கேட்டான். நைனாவோட நெஞ்சுல மைன்ஸ் தூசி பாதி இருக்கு, இருமாம இன்னா பண்ணுவாரு.

"எவனுக்கு எங்கன்னு எல்லாம் நீயே பிரிச்சிட்ட"ன்னாரு. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேக்கல. ஒரு சொருகற கார்டு கிட்ட விண்டோஸ் கேக்குது, உனக்கு இன்னா வேணும்னு. நான் நேரா கட்டிலை ஹால்ல போட்டுட்டேன்.

சாயந்திரத்துக்குள்ள லைன் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. ஆட்டோக்காரன் நின்னு, "இன்னா மாமா, பெங்களூர்க்காரர் ஆயிட்டீங்களாமே, சாமான் ஏத்தறதுக்கு என்னையே கூப்புடுங்க"ன்னான். எதிர் வரிசைலேர்ந்து ஒரு அம்மா, இது வரைக்கும் எங்க வூட்டு வாசப்படி மிதிக்காதவங்க, சுண்டல் குடுக்க வந்தாங்க. சுண்டல் கையில, கண்ணு கூரையில. "ஒழுவுமாண்ணா மழைக்கு?"ன்னு கேட்டாங்க. "சும்னே கேட்டேன்"னு கன்னடத்துல முடிச்சாங்க, சும்மா கேட்டாங்களாம். சுண்டல்ல உப்பு கம்மி.

மறுநாள் காலைல நைனா மெஷினை மாட்டிக்கினு செவுத்துக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தாரு. அசையவே இல்ல. நான் டீ குடுத்தேன், வாங்கிக்கினு கையிலயே வச்சிருந்தாரு. செவுத்துக்கு அந்தாண்ட பக்கத்து வூட்டு அண்ணனும் அவர் மச்சானும் பேசிக்கினு இருந்தது எனக்கும் கேட்டது. மெதுவாத்தான் பேசினாங்க. இத்தினி வருசமா நைனாவுக்குக் கேக்காதுங்கற தைரியத்துல பேசி பேசிப் பழக்கம்.

கொஞ்ச நேரம் கழிச்சு நைனா என்னைப் பாத்தாரு. முதல் தடவையா அவர் மெதுவா பேசி நான் கேட்டேன்.

"இந்தச் செவுத்தை இடிச்சிட்டு ரெண்டையும் ஒண்ணாக்கறாங்களாம். நான் படுக்கற எடத்துல பீரோவாம்."

அந்த அண்ணன் நைனாவோட ஒரே ஷிஃப்ட்ல வேலை பாத்தவரோட புள்ள. நைனாதான் அவருக்குப் பேர் வச்சாரு.

"தப்பா பேசல அவங்க"ன்னாரு நைனா. "காலி எடம்னா நாலு பேர் கணக்குப் போடத்தான் செய்வாங்க." மெஷினைக் கழட்டினாரு. பாட்டரியை எடுத்துத் தனியா வச்சாரு. பிஸ்கட் டப்பாவைத் திறந்து உள்ள போட்டு மூடினாரு. "நீ போடா. புள்ளைங்களோட இரு. நான் எங்கியும் வரல. வூட்ல ஆள் இருக்கணும்." இது பழைய குரல். லைன் முழுக்கக் கேட்டிருக்கும், கேக்கட்டும்னுதான் சொன்னாரு. செவுத்துக்கு அந்தாண்ட பேச்சு நின்னுடுச்சு.

நான் ஏதோ சொன்னேன். சோறு யாரு போடுவா, மாத்திரை யாரு குடுப்பான்னு. வாய் அசையறதைப் பாத்துக்கினு உக்காந்திருந்தாரு.

வொய்ஃப்கிட்ட ஃபோன்ல சொன்னேன். அவ கத்தல, அழுவல. "சரி"ன்னா. அவ சரின்னு சொன்னா அது எவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியும். அந்த ஞாயித்துக்கிழமை வந்து அவளோட துணி, குக்கர், சாமி படம் ரெண்டு எடுத்துக்கினா. ஆட்டோக்காரன்தான் எங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷன்ல விட்டான். ரயில்ல அவளுக்கு உக்கார எடம் இல்ல. எல்லாத்துலயும் கர்சீப். இத்தினி வருசம் அந்த ரயில்ல போய் வந்தவன் நான், ஒரு கர்சீப் போட்டு வைக்க எனக்குத் தோணல.

சாமான் போறதை லைன்ல எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தாங்க. அவளை ரயில் ஏத்திட்டுத் திரும்பி வந்து பாக்கறேன், நைனா முட்டி வலியோட கொல்லைப் பக்கம் போய் ட்யூட்டி லுங்கியை எடுத்துக் கொடியில போட்டுக்கினு இருக்காரு.

"நைனா, நான்தான் உள்ள இருக்கேனே. அது எதுக்கு?"

அவருக்குக் கேக்கல. கிளிப்பு மாட்டி, இழுத்துப் பாத்துட்டு உள்ள போனாரு.

நான் லேப்டாப்பை எடுத்து வச்சேன். கார்டை வெளிய இழுத்து மேடத்துக்குக் குடுக்கத் துணியில சுத்தினேன். அப்புறம், எதுக்குன்னு கேக்காதீங்க, பயாஸுக்குள்ள போய் பிரின்டர் போர்ட்டுக்கும் இன்ஃப்ராரெட்டுக்கும் அவங்க எடத்தைத் திரும்பக் குடுத்துட்டேன். மூடி, அலமாரி மேல வச்சிட்டு, நைனாவுக்குச் சோத்துக்கு அரிசி களையப் போனேன்.